தொலைபேசியில் ஒரு துட்டி

1

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் தீயணைப்புக்காரர்கள் என் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் தலைக்குக் குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு, ஈரம் சொட்ட நின்றுகொண்டிருந்தேன். முன்னால் வந்தவர் கையில் கோடரி. விழுந்து கிடக்கும் கிழவனைத் தூக்கிப்போக வந்தவர்களுக்கு, நின்றுகொண்டிருக்கும் கிழவனை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். இன்னொருவர் கண்ணில் டார்ச் அடித்தார். மூன்றாமவர் பெயரைக் கேட்டார், இன்று என்ன கிழமை என்று கேட்டார். பயத்தில் கிழமையைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அதைக் குறித்துக்கொண்டார்கள்.

"ஐ டேக் பாத்" என்று சொல்லிப் பார்த்தேன். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சிக்காகோவின் காற்று உடைந்த கதவு வழியாக நேராக என் நெஞ்சில் அடித்தது. கட்டட மேலாளர் சாவிக் கொத்தோடு ஓடி வந்து சேர்ந்தபோது கதவு கீலை விட்டுக் கழன்று தொங்கியது. அவர் என்னைப் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்தார். பிறகு என் மகனுக்கு ஃபோன் செய்யப் போய்விட்டார்.

ஊரில் உட்கார்ந்து படிக்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று வரவில்லை. இன்னொரு தடவை ஏதாவது நடந்தால் நீங்கள் இங்கே தனியாக இருக்கக் கூடாது, முதியோர் இல்லத்துக்குப் போய்விட வேண்டும் என்று மகன் போன குளிர்காலத்திலேயே சொல்லி வைத்திருந்தான். நானும் தலையாட்டியிருந்தேன். அந்த இன்னொரு தடவை இப்போது வந்துவிட்டது.

2

எனக்குச் சொந்த ஊர் சீவலப்பேரி. எட்டாம் வகுப்பில் பெயிலானதும் பள்ளிக்கூடத்தை விட்டேன். கொஞ்ச காலம் வயல் வேலை. ஒரு நாள் டவுன் பஸ் ஏறித் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி ஒரு ஓட்டல் அடுப்படியில் சேர்ந்தேன். அங்கிருந்து தூத்துக்குடி, பம்பாய், அப்புறம் கப்பல். எந்த இடத்திலும் இருக்கப் பிடிக்காத கால். பனாமாவில் காய்ச்சலோடு துறைமுக ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எழுந்து பார்த்தபோது கப்பல் போய்விட்டிருந்தது. சரி என்று அந்த ஊரிலேயே ஒரு அடுப்படியில் நின்றேன். ஸ்பானிஷ் அங்கே கற்றதுதான். சமையல்காரர்களிடம் கற்றதால் அதில் பாதி வசவு. எது வசவு, எது பேச்சு என்று இன்றைக்கும் எனக்கு முழுசாகப் பிரிக்கத் தெரியாது.

பிறகு இந்த ஊர். காகிதங்கள் சரியானதும் மனைவி செல்லம்மாளையும் மகன் மணியையும் வரவழைத்தேன். அவனுக்கு அப்போது பால் பற்கள் விழுந்துகொண்டிருந்தன. இப்போது ஒஹாயோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறான். தமிழ் காதில் விழுந்தால் அவனுக்குக் கொஞ்சம் புரியும், வாயில் வராது. எனக்கு இங்கிலீஷ் பஸ்ஸுக்கும் கடைக்கும் போதும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தவள் செல்லம்மாள். அவள் போன பிறகு நானும் அவனும் ஃபோனில் பேசுவது, "சாப்ட்டியாப்பா", "ஐ ஏட், அப்பா", அவ்வளவுதான்.

அவள் இறந்தபோது சவ அடக்கக்காரர்கள் ஒரு கூடத்தில் வைத்து எல்லாவற்றையும் செய்தார்கள். நாற்காலி, பூ, மெல்லிய சங்கீதம். கறுப்புக் கோட்டு போட்டவர்கள் வந்து என் கையைக் குலுக்கினார்கள். போகும்போது "டேக் கேர், பை" என்றார்கள். மணி வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லி வழியனுப்பினான். அம்மாவைக் கிடத்தி வைத்துக்கொண்டு கல்யாண வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நிற்கிறானே என்று எனக்கு உடம்பு கூசியது. அவன்மேல் தப்பில்லை. இங்கே அதுதான் மரியாதை. வீட்டுக்கு வந்து நான் குளிக்கவும் இல்லை. எல்லாரும் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு பிட்சா சாப்பிட்டார்கள், நானும் சாப்பிட்டேன்.

அதற்கு அடுத்த குளிர்காலம் படியில் ஐஸ் வழுக்கி விழுந்தேன். தபால்காரர் பார்க்கும்வரை அங்கேயே கிடந்தேன். அப்போதுதான் மணி அந்த இல்லத்தின் படப் புத்தகத்தோடு வந்தான். வழவழப்பான தாள். புல்வெளி, சக்கர நாற்காலி, சிரிக்கிற கிழவிகள். அவன் வீட்டுக்குப் பக்கத்தில்தான். அங்கே தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை, ஸ்பானிஷ் தெரிந்தவரும் இல்லை. அங்கே போனால் என் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால் நான் நெடுநாள் தாங்க மாட்டேன். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அடுப்படியில் வேலை பார்த்தவன் நான், எதை அணைத்தால் எது ஆறிப்போகும் என்று தெரியும்.

3

நான் எப்படி ஸ்பானிஷ்காரன் ஆனேன் என்று சொல்ல வேண்டும்.

இங்கே ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, உன் மொழி என்ன என்று. தமிழ் என்றேன். மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். வாரக்கணக்கில் காத்திருந்தேன். கடைசியில் ஒருவர் வந்தார், இந்திக்காரர். நல்ல மனிதர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் பிரிந்தோம். அடுத்த முறை ஸ்பானிஷ் என்று சொன்னேன். அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட்டேன். அதிலிருந்து அரசாங்கத்தின் கணக்கில் நான் ஸ்பானிஷ்காரன். கடிதங்கள் ஸ்பானிஷில் வருகின்றன. கிறிஸ்துமஸ் வாழ்த்தும் வருகிறது.

அப்படித்தான் லூசியா என்ற பெண் என்னைக் கூப்பிட்டாள். அந்த ஆஸ்பத்திரியின் சமூக சேவகி. தனியாக இருக்கும் ஸ்பானிஷ் பேசும் முதியவர்கள் குளிர்காலத்தில் வெளியே வர முடியாது, ஆகவே செவ்வாய்க்கிழமைதோறும் எல்லாரையும் ஒரே தொலைபேசி இணைப்பில் சேர்த்துப் பேச வைக்கிறோம், நீங்களும் வாருங்கள் என்றாள். அவர்கள் பேசுவதையெல்லாம் நம்மூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுகிறது.

"நான் உங்க ஆள் இல்லம்மா. இந்தியாக்காரன்."

"உங்களுக்குப் பேச ஆள் இருக்காவளா?"

"இல்ல."

"அப்ப நீங்க எங்க ஆள்தான்."

அந்த இணைப்பில் எல் சால்வடாரிலிருந்து வந்த அம்பாரோ அம்மாள் ஒருத்தி. கண் மங்கிப்போனவள், நாள் முழுவதும் ரேடியோ கேட்பவள். மெக்சிகோக்காரர் யூசேபியோ. இரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், படுத்த படுக்கையாகக் கிடந்த மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு பேர் உண்டு, அவர்கள் இருமுவதோடு சரி. யார் முகத்தையும் நான் பார்த்ததில்லை. யூசேபியோ என்னைக் 'கொம்பாத்ரே' என்பார். நம்மூர் அண்ணாச்சிக்கும் மச்சானுக்கும் நடுவில் வைக்கலாம் அந்தச் சொல்லை.

"கொம்பாத்ரே, இன்னைக்கு என்ன வே சமையல்?"

"சோறும் தயிரும்."

"போன வாரமும் அதான. மாட்டுக்குக்கூட வைக்கோலை மாத்திப் போடுதாவ."

"அவரை விடும்" என்பாள் அம்பாரோ. "உம்ம வீட்டு பீன்ஸ் மட்டும் தினம் ஒரு தினுசாவா வேகுது?"

இவ்வளவுதான் பேச்சு. இதற்காக நான் திங்கட்கிழமையே சவரம் செய்துகொள்வேன்.

லூசியா முதல் நாளே ஒரு விதி சொன்னாள். யாராவது இணைப்பிலிருந்து விலகினால் 'பீப்' என்று ஒரு சத்தம் கேட்கும், யார் போனது என்று தெரியாது. ஆகவே போகும்போது பெயரைச் சொல்லி, எல்லாரிடமும் விடைபெற்றுத்தான் போக வேண்டும். சொல்லாமல் ஒரு குரல் நின்றுபோனால், ஆள் விழுந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்வோம். முன்பு ஒருவர் பேச்சின் நடுவே அப்படி நின்றுபோயிருக்கிறார். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார் என்று நினைத்து விட்டுவிட்டார்கள். நாற்றம் வந்த பிறகுதான் கதவைத் திறந்தார்களாம்.

மணி என்னை இங்கேயே விட்டுவைத்ததற்கும் இந்த விதிதான் காரணம். லூசியா அவனிடம் பேசி, அவருக்கு ஒன்று ஆனால் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

4

யூசேபியோவின் மனைவி வார இறுதியில் இறந்துபோனாள். செவ்வாய்க்கிழமை அவர் வர மாட்டார் என்று நினைத்தோம். வந்துவிட்டார்.

"நேத்து அடக்கம் பண்ணியாச்சு" என்றார். அழத் தொடங்கினார்.

லூசியா ஒவ்வொருவராக ஆறுதல் சொல்லச் சொன்னாள். அம்பாரோ ஜெபம் சொன்னாள். இருமுகிறவர்கள்கூட ஏதோ சொன்னார்கள். என் முறை வந்தது. "இருக்கேன்" என்றேன், அவ்வளவுதான். அப்போதுதான் கவனித்தேன், நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். எப்போது இறங்கினேன் என்று தெரியவில்லை.

நம் பக்கத்தில் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போனால் யாரும் ஆறுதல் சொல்வதில்லை. போவோம், உட்காருவோம், வீட்டுக்காரர் அழுதால் அழுகையைக் கேட்டுக்கொண்டிருப்போம். போதும் என்று தோன்றினால் எழுந்து வந்துவிடுவோம். செல்லம்மாளின் அப்பா இறந்தபோது நான் பம்பாயிலிருந்து வந்திருந்தேன். பட்டணத்துப் பழக்கம், புறப்படும்போது வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் அத்தை" என்று சொல்லிவிட்டேன். கூட்டமே திரும்பிப் பார்த்தது. என் மச்சான் கோமதிநாயகம் சட்டையைப் பிடித்துத் தெருமுனைவரை இழுத்துக்கொண்டு போனான்.

"என்ன வே மாப்ள, கூறு இருக்கா உமக்கு? துட்டி வீட்டுல நின்னு போயிட்டு வாரேங்கீரு?"

"மரியாதைக்குச் சொன்னேன் மச்சான்."

"திரும்ப வாரதுக்கு இன்னொரு ஆளு சாவணும் வே. யாரு சாவணும்ங்கீரு, நானா? பேசாம ஆத்துல போயி முங்கும்."

போனேன். சிற்றாறு வந்து தாமிரபரணியில் கலக்கிற இடத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். பக்கத்தில் துட்டிக்கு வந்த பாதிப் பேர் நின்றார்கள். அங்கே எல்லாரும் சாதாரணமாகப் பேசினார்கள். நெல் விலை, பஸ் வராதது. முங்கி எழுந்தால் சாவு உடம்பை விட்டுப் போய்விடும், அதற்குப் பிறகு பசிக்கும்.

இங்கே, தரையில் உட்கார்ந்து யூசேபியோவின் அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அது மெல்ல மெல்லத் தணிந்து மூச்சாயிற்று. போதும் என்று எனக்குத் தோன்றியது. எழுந்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ரிசீவரை வைத்தேன். குளியலறைக்குப் போய்த் தலையில் தண்ணீரைத் திறந்துவிட்டேன். விதி எனக்கு நினைவில் இல்லை. யோசித்திருந்தால் விடைபெற்றிருப்பேன். யோசிக்கிற இடத்தில் நான் இல்லை.

அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் செல்லம்மாளுக்காக அழுதேன். அவள் இறந்தபோது வராத அழுகை. அதனால் வெளியே ஃபோன் அடித்ததும், கதவைத் தட்டியதும் கேட்கவில்லை.

மற்றது லூசியா சொல்லித் தெரிந்தது. 'பீப்' சத்தம் கேட்டதும் அவள் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டிருக்கிறாள். என் பெயருக்குப் பதில் இல்லை. "அந்த மனுசன் விழுந்துட்டாரு, அய்யோ, ஆளை அனுப்பு" என்று அம்பாரோ கத்தியிருக்கிறாள். முந்தின நாள் மனைவியைப் புதைத்துவிட்டு வந்த யூசேபியோ, தீயணைப்பு வண்டி என் வீட்டை அடைந்த தகவல் வரும்வரை, என் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம்.

அன்று சாயங்காலம் அவரே ஃபோன் செய்தார். என் பனாமா வசவுகள் அவ்வளவையும் எனக்கே திருப்பிக் கொடுத்தார். முடித்த பிறகு, துட்டி என்றால் என்ன என்று விளக்கினேன். சொல்லாமல் எழுந்து வருவது ஏன், குளிப்பது ஏன் என்று.

"அப்ப நீரு எங்க வீட்டுக்கு வந்துட்டுப் போயிருக்கீரு" என்றார்.

5

மறுநாள் மணி விமானத்தில் வந்தான். புதுக் கதவுக்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் என் எதிரில் உட்கார்ந்தான்.

"அப்பா, ஃபோன் கால் நடுவுல வொய் பாத்?"

"துட்டில்லாப்பா."

"வாட்ஸ் துட்டி?"

தமிழில் சொன்னேன். தலையாட்டினான், புரியவில்லை. இங்கிலீஷில் சொன்னேன்: "டெத் ஹவுஸ். நோ பை. கோ. பாத்." சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிடித்த விதமே சரியில்லை.

"அப்பா" என்றான் மெதுவாக. "வாட் டே இஸ் இட் டுடே?"

சரியாகத்தான் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை.

இல்லத்தில் இடம் காலியாக இருந்தது. பெட்டியை எடுத்து என் சட்டைகளை மடித்து வைக்க ஆரம்பித்தான். வெள்ளை வேட்டிகளைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படி மடிப்பது என்று தெரியாமல் நின்றான். நான் வாங்கி மடித்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? ஊர் ஊராகச் சுற்றின காலத்தில் மூட்டை கட்டுவது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கிறது. அன்று ஒரே வேட்டியை இரண்டு தடவை மடித்தேன்.

அப்போது ஃபோன் அடித்தது. மணி எடுத்தான். செவ்வாய்க்கிழமை இல்லாவிட்டாலும் லூசியா எல்லாரையும் இணைத்து, என்னை நலம் விசாரிக்கக் கூப்பிட்டிருந்தாள். அவன் ஸ்பானிஷில் பேச ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் படித்தான், வேலைக்கும் அது உதவுகிறது என்று தெரியும். ஆனால் ஒரு நாளும் நான் கேட்டதில்லை. இலக்கணத்தோடு, சுத்தமாகப் பேசினான். இத்தனை வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி இருந்திருக்கிறது, இரண்டு பேருக்கும் அது தோன்றவில்லை. நான் உள்ளே போய்ப் படுக்கையறை ஃபோனை எடுத்துக் காதில் வைத்தேன்.

யூசேபியோ அவனுக்குத் துட்டி என்றால் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார். சீவலப்பேரியைப் பார்த்திராத மெக்சிகோக்காரர், ஆற்றில் முங்குவது வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னார்.

"இதை இவர் ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்றான் மணி.

"சொன்னேன்" என்று நானும் ஸ்பானிஷிலேயே சொன்னேன். "நீ கிழமை கேட்ட."

அப்புறம் மணி கேட்டான்: "அம்மா இறந்தபோது நான் வாசலில் நின்று எல்லாருக்கும் விடை கொடுத்தேன். அதுவும் தப்பா?"

"இல்லப்பா. இங்க அதான் மரியாதை" என்றேன்.

"சரி, புரிகிறது" என்றான். "ஆனால் நாளைக்கு இவர் உண்மையாகவே விழுந்தால்? நான் ஒஹாயோவில் இருக்கிறேன். பயந்துகொண்டே என்னால் இருக்க முடியாது."

லூசியா, "அவர் சொல்லுததும் நியாயம்தான்" என்றாள். அவள் வாக்குக் கொடுத்தவள், அவளால் வேறென்ன சொல்ல முடியும்? எல்லாம் முடிந்தது என்று நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

அப்போது யூசேபியோ கேட்டார்: "தம்பி, அந்த இல்லத்துல இன்னொரு கட்டில் கிடைக்குமா?"

"ஐயா, அது வேறு மாநிலம்."

"எங்கன இருந்தா எனக்கென்ன. இங்க பாத்திரம் கீழ விழுந்தா என்னதுன்னு கேக்க ஆளில்ல."

எந்த இடத்துக்குப் போகாமல் இருக்க நான் போராடிக்கொண்டிருந்தேனோ, அந்த இடத்தை ஒரு மனிதர் கெஞ்சிக் கேட்கிறார். யோசிக்காமல், "கொம்பாத்ரே, இங்கன வாரும். கூடத்துல கட்டில் போடலாம்" என்றேன்.

"வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பும் வே" என்றாள் அம்பாரோ. "இதுக்கு மேல யாரு வெத்தலை பாக்கு வச்சு அழைப்பா?" அவள் சொன்னது வேறு. எனக்கு அப்படிக் கேட்டது.

மணி உடனே சம்மதிக்கவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தவன் மாதிரி கேள்வி கேட்டான். படி ஏறுவீர்களா? கண் தெரியுமா? அவசர எண்ணைச் சுழற்றத் தெரியுமா? யூசேபியோ ஒவ்வொன்றுக்கும் அடக்கமாகப் பதில் சொன்னார். கடைசியில் மணி சொன்னான்: ஐஸ் உருகும்வரை இரண்டு பேரும் சேர்ந்து இருங்கள். இல்லத்து இடத்தை நான் விட்டுவிடப் போவதில்லை. அதற்குப் பிறகு பார்க்கலாம்.

அதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியும். இரண்டு கிழவர்கள், இரண்டு பேர் வீட்டிலும் சாவு. எது எத்தனை நாளைக்கு? ஆனாலும் மூச்சு விட்டேன்.

"இன்னும் ஒரு கேள்வி" என்றான் மணி. "தூக்கத்தில் குறட்டை விடுவீர்களா?"

"விடுவேன் தம்பி. என் பெஞ்சாதி அதுக்காக என்னைத் திட்டாத நாள் கிடையாது. உங்க அப்பா எப்படி, விடுவாரா?"

படுக்கையறை வாசல் வழியாக மணி எனக்குத் தெரிந்தான். ரிசீவரைப் பிடித்தபடி திரும்பி என்னைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாது" என்றான்.

எனக்கும் தெரியாது. தெரிந்தவள் இல்லை.